என் சாம்பலைத் துடைத்த சகலை

அந்த ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீனின் தலை என் தட்டைத் தாண்டிப் போய்ச் சகலையின் தட்டில் விழுந்தது. ராயபுரத்தில் என் மாமனார் வீட்டில் காலைப் பூசைக்குப் போய்வந்தால் மதியம் மீன் குழம்பு. அந்தக் குழம்பில் தலை யாருக்கு என்பது எழுதி வைக்காத சட்டம். பெரிய மாப்பிள்ளைக்கு, அதாவது எனக்கு. கல்யாணமான முதல் ஞாயிறிலிருந்து என் மாமியார் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் துழாவித் தலையை எடுத்து, குழம்பு சொட்டச் சொட்ட என் சோற்றின்மேல் வைப்பார். அப்புறம்தான் மற்றவர்களுக்குத் துண்டு. அன்றைக்கும் கரண்டி சட்டிக்குள் போயிற்று, துழாவியது, தலையோடு வெளியே வந்தது. நான் வழக்கம்போல் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கரண்டி என்னைக் கடந்து போயிற்று. அப்புறம் எனக்கு நடுத்துண்டு வந்தது. நல்ல பெரிய துண்டுதான், முள்ளும் குறைவு. "சின்ன மாப்ள நாலு நாளா மாடியிலயே வெயில்ல கெடந்தாரு, சாப்புடட்டும்" என்று மாமியார் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலிருந்தே எல்லோரும் கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

சகலை என்கிற உறவை எந்த மகராசன் ஏற்படுத்தினானோ தெரியவில்லை. ரத்தம் கிடையாது, சிநேகம் கட்டாயமில்லை. ஒரே வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்ட காரணத்துக்காக இரண்டு ஆண்கள் ஆயுசு முழுக்க ஒரே பந்தியில் உட்கார வேண்டும், யார் உசத்தி என்று மற்றவர்கள் கண்ணாலேயே எடை போட வேண்டும். எங்கள் விஷயத்தில் அது போதாதென்று இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலையும் அமைந்தது. எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல்மின் நிலையம், பெயர் வேண்டாம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். வயதில் என்னைவிட ஓரிரு மாதம் மூத்தவனாகக்கூட இருப்பான், முறையில் இளையவன். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மனைவி ஜெபப் புத்தகம் தவிர எதையும் படிக்கிறவள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். எழுதத்தான் போகிறேன். ஆனால் அவன் உயிரோடு இருந்த காலத்தில் பாதிக்கு மேல் எனக்கு அவன்மேல் இருந்தது பொறாமை. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவனைப் பற்றியதாகிவிடும்.

தொடக்கத்தில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. நான் கன்ட்ரோல் ரூமில் டெஸ்க் ஆப்பரேட்டர். கண்ணாடிச் சுவர், ஏசி, சுற்றிலும் முள் ஆடும் மீட்டர்கள். கொதிகலனில் எவ்வளவு நெருப்பு, எவ்வளவு நீராவி, எவ்வளவு மின்சாரம் என்பதெல்லாம் என் விரல் நுனியில். தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன், சாயங்காலம் அதே வெள்ளையோடு திரும்புவேன். அனல்மின் நிலையத்தில் வெள்ளைச் சட்டை ஒரு பதவி மாதிரி. அவன் கீழே நிலக்கரிக் கிடங்கில். துறைமுகத்திலிருந்து வந்து இறங்குகிற கரியைப் பெல்ட்டில் ஏற்றி எங்கள் கொதிகலனுக்கு அனுப்புவது அவன் ஆட்களின் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது பல்லும் கண்ணின் வெள்ளையும் மட்டும்தான் அவனாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் இமையோரம் ஒரு கறுப்புக் கோடு போகாது. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் அவன் மை தீட்டிய நாட்டியக்காரி போல நற்கருணை வாங்கப் போவதைப் பார்த்து என் மாமனாரே சிரித்துவிடுவார். ஆர்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அழுக்கு வேலை பார்த்தவர்தான், இருந்தாலும் வெள்ளைச் சட்டை மருமகனை வாசலில் நிறுத்தி நாலு பேரிடம் பேசவிடுவதில் அவருக்கு ஓர் ஆசை. சகலையோ எதையும் பொருட்படுத்தாதவன் போல உரக்கப் பேசுவான், ஊரில் உள்ள எல்லோரையும் கிண்டல் செய்வான், தன்னையும் சேர்த்து. அவனுக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பும் கிடையாது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவன் கரியை விட்டு வெளியே வந்த கதை பெருமைக்குரிய கதை அல்ல. கரிமேல் தண்ணீர் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டு பெல்ட் முழுக்கத் தூள் கிளம்பிய ஒரு நாள், அவன் யாரையும் கேட்காமல் பெல்ட்டை நிறுத்திவிட்டான். மூச்சு முட்டுகிறது, குழாயைச் சரி செய்தால்தான் ஓட்டுவேன் என்று மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றான். கரி வராமல் என் யூனிட்டில் உற்பத்தி இறங்கியது. டெஸ்க்கில் உட்கார்ந்திருந்த எனக்கும் திட்டு விழுந்தது. அவனை எங்கே தூக்கிப் போடலாம் என்று பார்த்தார்கள். அப்போதுதான் எங்கள் நிலையத்தின் அலுவலக மொட்டை மாடியில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, கொஞ்சம் சோலார் பேனல்களைப் பதித்திருந்தார்கள். கரி எரிக்கிற இடத்தில் வெயில் பிடிக்கிற தட்டுகள் எதற்கு என்று எல்லோரும் சிரித்த காலம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போக யாருக்கும் விருப்பமில்லை. ஓவர்டைம் கிடையாது, கூட்டாளிகள் கிடையாது, தலைக்கு மேல் நிழலும் கிடையாது. தண்டனையாகச் சகலையை அங்கே ஏற்றினார்கள். கேன்டீனில் அவனுக்கு "வெயில் காயப் போனவன்" என்று பெயர் விழுந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வேலையில் ஒரு வேடிக்கை இருந்தது. எங்கள் புகைபோக்கிக்கும் அவன் மாடிக்கும் நடுவே வெறும் காற்றுதான். புகையில் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் கருவி மக்கர் செய்கிற நாட்களில் மாவு சலித்தாற்போல் சாம்பல் இறங்கும். கடல் காற்றின் உப்பு ஈரத்தில் அது பேனல்மேல் அப்பிக்கொள்ளும். சாம்பல் அப்பினால் வெயில் உள்ளே போகாது, கரண்டு வராது. ஆகவே தினமும் காலையில் அவன் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாக மாடி ஏறி, ஒவ்வொரு பேனலாகத் துடைப்பான். துடைத்துவிட்டு டீ குடிக்கக் கன்ட்ரோல் ரூம் பக்கம் வருவான். "உன் சாம்பலத் தொடைக்கத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க சகல. நீ எரி, நான் தொடைக்கிறேன், கெவர்மென்ட்டு ரெண்டு பேருக்கும் படியளக்குது" என்பான். உண்மையிலேயே ஒரே மதில் சுவருக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்திருந்தது. சாயங்காலமானால் உன் கடை மூடிவிடும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊருக்கு வெளிச்சம் கொடுப்பது நான்தான் என்று அவனைச் சீண்டுவேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

பிறகு காலம் அவன் பக்கம் திரும்பியது. எப்போது என்று ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. பழைய யூனிட்டுகளை மூட வேண்டும், காற்றையும் வெயிலையும் நம்ப வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு சுற்றறிக்கையாயிற்று, சுற்றறிக்கை ஆட்களாக வந்து இறங்கியது. வந்தவர்கள் எல்லாம் நேரே மொட்டை மாடிக்குப் போனார்கள். ஏனென்றால் எங்கள் நிலையத்தில் பேனலைத் தொட்டுப் பழகிய ஒரே ஆள் அங்கேதான் இருந்தான். அவனை வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தலையில் புது ஹெல்மெட், சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் நாலைந்து இந்தி வார்த்தை. கொட்டகைக் கூரை, பள்ளிக்கூடக் கூரை, தண்ணீர்த் தொட்டிக் கூரை என்று பேனல்கள் பரவின. அவனைப் போர்மேன் ஆக்கினார்கள். பிறகு சோதனைக்காக ஒரு கன்டெய்னர் நிறையப் பேட்டரி வந்து இறங்கியது, பகல் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொள்ள. அது வேலை செய்த முதல் நாள் சாயங்காலம் டெஸ்க்கில் எனக்குப் போன் வந்தது. "சகல, வெளக்கு வெச்சாச்சு. என் கட தொறந்துதான் கீது, வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

பொறாமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது அன்றாடம் என்னென்ன செய்யும் என்பதைப் பட்டவன்தான் சொல்ல முடியும். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். அவன் மாடிமேல் மேகம் நின்றால் எனக்குக் குளிரும். அவன் செல்போனில் இன்றைக்கு எத்தனை யூனிட் உற்பத்தி என்று பச்சைக் கோடு காட்டுகிற ஒரு வசதி இருந்தது. காட்டு என்று நானாகக் கேட்க மாட்டேன், அவன் மேசைமேல் வைத்தால் ஓரக்கண்ணால் பார்ப்பேன். கோடு உயர்ந்திருந்தால் அன்றைக்கு மனைவியிடம் எரிந்து விழுவேன். அவனுடைய சட்டை வெளுத்துக்கொண்டே வந்தது. இமையோரக் கறுப்பு போய்விட்டது. என் வெள்ளைச் சட்டை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்க யாரும் இல்லாமல் போனார்கள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, என் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்டனை வாங்கியவன் மேலே ஏறினான், ஒழுங்காக உட்கார்ந்திருந்த நான் உட்கார்ந்த இடத்திலேயே கீழே போய்க்கொண்டிருந்தேன். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த மீன் தலை விவகாரத்துக்குக் காரணம் புயல். சகலை சொந்தச் செலவில் மாமனார் வீட்டு மாடியில் சில பேனல்களும் ஒரு பேட்டரியும் வைத்துக் கொடுத்திருந்தான். புயல் அடித்து ஓய்ந்தபோது ராயபுரம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஊருக்கே கரண்டு காய்ச்சி அனுப்பிய என் வீட்டில் மெழுகுவர்த்தி. மாமனார் தலைக்கு மேல் மட்டும் பேன் சுற்றியது. தெருவே செல்போனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றது. சகலை மாடிக்கும் கீழுக்குமாக ஓடி, பிய்த்துக்கொண்ட தகரத்தைக் கட்டி, ஈரத்தைத் துடைத்து, அந்த நாலு நாளும் ராஜாவாக இருந்தான். என் மனைவியும் எங்கள் போன்களை எடுத்துக்கொண்டு அங்கே போய் வரிசையில் நின்றாள். அக்கா முன்னால் வா என்று தங்கை கூப்பிட்டாளாம். அதைப் பெருமையாக என்னிடம் வந்து சொன்னாள். அதற்கு அடுத்த ஞாயிறுதான் கரண்டி என் தட்டைக் கடந்து போனது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நான் நேரே மாடிக்குப் போனேன். அவன் வேலையில் ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும், அதுதான் நோக்கம். ஒரு இணைப்பு லேசாக ஆடுவதுபோல் தெரிந்தது. நான் ஒன்றும் விவரம் தெரியாதவன் அல்ல. சுவரில் இருந்த ஸ்விட்சை முறைப்படி அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். எங்கள் அனல்மின் நிலையத்தில் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டால் அதற்கப்பால் உள்ளது செத்த கம்பி. அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் காலம் முழுக்கக் கை வைத்திருக்கிறோம். இது அப்படி இல்லை. வெயில் விழுகிறவரை பேனலிலிருந்து வருகிற கம்பியில் உயிர் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பது என் கையில் கரண்டு ஏறின பிறகுதான் தெரிந்தது. கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சகலை மாடிப்படியில் ஓடிவந்தான். பார்த்ததும் புரிந்துகொண்டான். என் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "சூரியனுக்கு ஸ்விட்ச்சு கெடையாது சகல" என்றான். கீழேயிருந்து மாமனார் என்ன சத்தம் என்று கேட்டபோது, காக்கா கொத்த வந்தது என்று சொல்லிவிட்டான். அதை அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீனில் ஒரு முறை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், எனக்கும் அவனை வெறுக்க நல்லதொரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவன் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் யூனிட்டை மூடுவது முடிவாயிற்று. ஆட்களை வேறு வேறு நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், எனக்கு மேட்டூர்ப் பக்கம் என்று பேச்சு அடிபட்டது. காலியாகும் நிலக்கரிக் கிடங்கில் பெரிய பேட்டரி நிலையம் வரப்போகிறது, அதற்குப் பழைய ஆட்களில் சிலரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். யார் யார் என்பதை அதிகாரி சகலையிடமே விட்டிருந்தார். உனக்குத் தோதான ஆட்களின் பெயரை நீயே சொல் என்று. ஆக, நான் ஊரை விட்டுப் போகாமல் இருப்பது அவன் வாயில் இருந்தது. போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அதற்குள் மாமியார் காலமாகிவிட்டார். மாமனார் படுத்த படுக்கை, அவரைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. அவள் என்னோடு வர முடியாது. ஓய்வு பெறும்வரை நான் எங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட வேண்டும். "தங்கச்சி வூட்டுக்காரருதான, ஒரு வார்த்த கேட்டா உங்க வாயில இருந்து முத்தா உதிந்துடும்?" என்று மனைவி கேட்டாள். நான் கேட்கவில்லை. அவனாகவே என் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட்டு வந்து, கவலைப்படாதே சகல என்று முதுகில் தட்டுவான், அந்தத் தட்டை எப்படித் தாங்குவது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கோயில் திருவிழாக் கொடியேற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். ஊர்க்கதை எல்லாம் பேசினான், இதை மட்டும் பேசவில்லை.

யூனிட்டை நிறுத்திய நாளில் டெஸ்க்கில் இருந்தது நான்தான். அது காலை ஷிப்ட். நகரத்துக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போனில் அனுமதி வந்ததும் உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கரி அரைக்கும் இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினோம். முள் இறங்கிக்கொண்டே வந்து கீழே படுத்தது. கடைசிப் பொத்தானை அழுத்தும்போது என் பக்கத்தில் நின்ற இளம் இன்ஜினியர் செல்போனில் படம் பிடித்தார். அழுத்தினேன். எத்தனையோ முறை பழுதுபார்க்க அழுத்திய பொத்தான்தான், திரும்பவும் கிளப்புகிற வேலை இல்லை என்பதுதான் வித்தியாசம். டர்பைன் சுற்றி அடங்கும்வரை காத்திருந்தோம். காலின் அடியில் எப்போதும் இருந்த அந்த அதிர்வு நின்றபோது எனக்கு யாரோ நாற்காலியை உருவியதுபோல் இருந்தது. வெளியே பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். நான் அலுவலக மாடிப்படி ஏறினேன். மீட்டருக்கு எதிரே ஆயுசைக் கழித்தவன், பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போனேன்.

சகலை பேனல்களுக்கு நடுவே நின்று புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வாயில் ஒன்றும் இல்லை. "பொகை நின்னுடுச்சு சகல" என்றான். நான் சுற்றி வளைக்கவில்லை. இடையில் நிறுத்தினால் முடிக்க மாட்டேன் என்று தெரியும். உன் ஆட்களோடு என் பெயரையும் சேர்த்துக்கொள், எனக்குப் போகப் பிடிக்கவில்லை, மாமனாரை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கஷ்டப்படுவாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கீழே வேலை பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"முடியாது சகல" என்றான். "பேரெல்லாம் குடுத்துட்டேன். உன் பேரு மொதல்ல எழுதி, நான்தான் அடிச்சேன்."

ஏன் என்று கேட்டேனா என்பது ஞாபகம் இல்லை. கேட்டிருக்கத்தான் வேண்டும்.

"நான் பெல்ட்டுல நின்னுகினு இருக்க சொல்ல, நீ மேல ஏசில குந்திகினு இருப்ப. கண்ணாடில உன் வெள்ளச் சட்ட தெரியும். வயிறு எரியும் எனக்கு. மாமனார் வூட்ல வாசல்ல உன்ன நிக்க வெச்சு அவரு பேசுறப்ப, நான் உள்ள சிரிச்சுகினே குந்திகினு இருப்பேன். எரிஞ்சுகினேதான் சிரிப்பேன். ஒர்த்தனுக்கும் தெரியாது, என் பொண்டாட்டிக்கே தெரியாது." இருமல் வந்து கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப நீ என் கைக்குக் கீழ வந்தேன்னு வெய்யி. என்னால சும்மா இருக்க முடியாது. வாளிய எடு, துணிய எடு, இங்க தொட, அங்க தொடன்னு உன்ன ஏவிகினே இருப்பேன். நெனச்சுப் பாத்தேன் சகல. ரொம்ப ருசியா இருந்துச்சு. பயந்து பூட்டேன். அதான் வாணாம்னு அடிச்சுட்டேன். நீ மேட்டூருக்குப் போ. வூட்ட நான் பாத்துக்குறேன்."

மறுப்பதற்கு அவன் ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்லவன் வேஷம் போட்டிருந்தால் காறித் துப்பியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? அத்தனை வருஷமாக என் வயிற்றுக்குள் மூடி வைத்திருந்த அதே சரக்கை அவன் வெயிலில் எடுத்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டான். நானும் அப்படித்தான் சகல, எனக்கும் உன்மேல் அப்படித்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவனால் முடிந்தது என்னால் முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

மேட்டூரில் எனக்கு மறுபடியும் கன்ட்ரோல் ரூம்தான், கரிதான். அங்கே சீக்கிரம் மூடுவதாக இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ரயில் ஏறி ராயபுரம் வருவேன். சகலை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். மாமனாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவன், கடைசியில் அவர் கண்களை மூடிவிட்டதும் அவன். நான் வந்து சேர்ந்தபோது எல்லா வேலையும் முடிந்து பந்தலும் போட்டாயிற்று. பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சில சமயம் எனக்குப் போன் செய்வான். பேனல் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, உன் சாம்பல் இல்லாமல் கை நமநமவென்கிறது என்பான். நான் சிரிப்பேன். மாடியில் பேசியதை இரண்டு பேரும் மறுபடி எடுக்கவே இல்லை. அவன் இருமல் மட்டும் போனில் வரவர நீண்டுகொண்டு போயிற்று.

வெயில் வேலைக்கு வந்து இத்தனை காலமான பிறகும் பெல்ட் ஓட்டிய நாட்களின் கரித்தூள் அவன் நெஞ்சில் இருந்தது என்று டாக்டர் சொன்னார். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிக் கொஞ்ச காலம்தான். அவனுக்குக் கட்டிலோடு ஆக்சிஜன் மிஷின் வந்தது. அது அவன் வைத்த மாடிப் பேனல் கரண்டில்தான் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் நெஞ்சில் ஒன்றும் இல்லை, ஏசி அறையில் இருந்த நெஞ்சு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட நியாயம் இருந்தது. அப்போது அவன் பொறாமைப்பட்டானா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. அடைமழை பெய்த ஒரு நாளில் போய்விட்டான். காசிமேட்டுக் கல்லறைக்கு அவனை எடுத்துப் போனபோது பழைய பெல்ட் ஆட்கள், புதுப் பேட்டரிப் பையன்கள், போன் சார்ஜ் போட்டுக்கொண்ட தெரு என்று ரோடு கொள்ளாத கூட்டம். பெட்டிக்குப் பின்னால் குடையில்லாமல் நடந்துகொண்டே, எனக்கு இதில் பாதி வருமா என்று கணக்குப் போட்டேன். அழுதுகொண்டுதான் போட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. வந்தவர்கள் கிளம்பிய பிறகு நாங்கள் மட்டும் இருந்தோம், நான், என் மனைவி, பரிமாறிக்கொண்டிருந்த மச்சினி. அவன் படத்துக்கு மாலை போட்டு மேலே சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மாடியில் அவனிடம் வராத வாய், அவன் மனைவியிடமாவது வரட்டும் என்று, "உன் வூட்டுக்காரன் மேல எனக்கு எப்பவுமே ஒரு..." என்று ஆரம்பித்தேன். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

மச்சினி அழுகையோடு சிரித்துவிட்டாள். "பொறாமதான மாமா? அது எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும். அவருக்கும் தெரியும். அக்காவக் கேளுங்க" என்றாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு மீனில் முள் எடுத்தாள். தெருவுக்கே தெரிந்த ஒன்றைத்தான் நான் ஆயுசு முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் போலிருக்கிறது. மச்சினி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா அவரு அப்புடி இல்ல மாமா. ஒருத்தரப் பாத்தும் ஒரு நாளும் பொறாமப்பட்டது கெடையாது. உங்களப் பத்தி எவ்ளோ பெருமையாப் பேசுவாரு தெரியுமா? அவரு மனசு வெள்ள மனசு." சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கரண்டியும் கையுமாக, நான் ஆமென்று சொல்ல வேண்டும் என்று.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரில் யாரும் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று நிரூபிக்க அவனே மாடியில் தன் வாயால் கொடுத்த சாட்சி அது. ஒரு வார்த்தை போதும், வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் சமமாகியிருப்போம்.

"ஆமாம்மா" என்றேன். "அவனுக்கு அந்தப் புத்தியே கெடையாது."